ஹாஜியார் வீட்டுக்கு ரெண்டு

சோற்றுக்கடையில் பரிமாறுகிறவனுக்குக் காலுக்கு முன்னால் தொண்டை தேயும். இந்தத் தொழிலில் கிடந்து உழல்கிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

ஜோகூர் பாருவில், சிங்கப்பூருக்குப் படகு போகிற துறைக்கு எதிரே எங்கள் கடை. ரயில் வந்து நிற்கும். ஜனம் இறங்கும். படகு கிளம்புவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். எழுதி வாங்க நேரம் ஏது? நான் மேசையில் கேட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் கத்துவேன். "ரெண்டு கறீ, ஒரு மீனூ!" உள்ளேயிருந்து பண்டாரி அதையே திருப்பிக் கத்துவார். எங்கள் ஆட்கள் சமையல்காரரைப் பண்டாரி என்போம். அவர் திருப்பிக் கத்தினால் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று பொருள். கல்லாவில் இருப்பவர் இரண்டு குரலையும் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்வார். மூன்று வாயில் ஓடுகிற கடை அது.

கல்லாவில் மீராசா காக்கா. அடுப்பில் சீனி காக்கா. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கடையில் இருவருக்கும் சரிபங்கு. அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள், சகலைகள். நான் கனி. இரண்டு பேருக்கும் வேலைக்காரன்.

அப்போது கடலைத் தூர்த்துப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலம் முடிந்தால் ரயில் நேரே சிங்கப்பூர் போய்விடும். படகு இருக்காது. படகு இல்லாவிட்டால் எங்கள் கடையும் இருக்காது. பாலம் வந்து ஏறுகிற தெருவில் ஒரு மாடிக் கடைவீடு காலியாக இருந்தது. ஒரு மலாய் ஹாஜியாருக்குச் சொந்தம். முன்பு அங்கே கூட்டாகக் கடை வைத்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு வீட்டுக் கதவை உடைத்ததைப் பார்த்தவர் அவர். அதனால் அவர் சொன்னது ஒன்றுதான். நோன்புப் பிறைக்கு முன்னால் ரெண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், என் முன்னால் உட்கார்ந்து வாக்குக் கொடுங்கள், வீடு உங்களுக்கு.

அந்த வீட்டு மாடியில் பின்பக்கத்து அறை எனக்கு என்று மீராசா காக்கா சொல்லிவிட்டார். "வீட்டுக்காரியக் கூப்பிட்டுக்கடா கனி. எத்தனை வருசம்தான் பாயைச் சுருட்டிக்கிட்டுத் திரிவே" என்றார். கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு கப்பல் ஏறியவன் நான். ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். காக்காமார் ரெண்டு பேரும் ஹாஜியார் முன்னால் சேர்ந்து போய் உட்கார வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் இதெல்லாம் நடந்தது.

கை தாராளம்

நபிகள் புகழ் பாடுகிற மவ்லூது ஓதி முடிந்து கடையில் கந்தூரி விருந்து. நெய்ச்சோறு, கறியாணம் என்கிற கறிக்குழம்பு, தாளிச்சா எல்லாம் சீனி காக்கா கைப்பாகம். விடியலிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை மனுசன். ஊர்ப் பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆணம் அருமை. உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்" என்றார். அது ஒன்றும் பெரிய பேச்சில்லை. சாப்பிட வந்தவன் எதையாவது சொல்வான். ஆனால் மீராசா காக்கா சிரித்துக்கொண்டே, "எங்க சகலைக்கு உப்புல கை தாராளம். அவருக்குத் தாகம், நமக்கும் தாகம் எடுக்கணும்கிறார்" என்றார். சபை சிரித்தது. நானும்தான்.

சீனி காக்கா கையில் சோற்றுத் தாம்பாளத்தோடு பின்னால் நின்றிருந்தார். தாம்பாளத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய்விட்டார். அங்கேயே நாலு வார்த்தை கத்தியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கத்தவில்லை. கந்தூரி முடிந்து நான் உள்ளே போனபோது உப்புச் சாடியைத் தூக்கி அடுக்களை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தார். "என்ன காக்கா இது?" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இனிமே உப்புப் போடுறது முதலாளி பாடு. நான் அடுப்பு எரிக்கிறவன்."

மூன்று தட்டு

மறுநாளிலிருந்து சீனி காக்கா திருப்பிக் கத்துவதை நிறுத்திவிட்டார். அவர் குரல் கல்லாவுக்குக் கேட்குமே, அதற்காக. மீராசா காக்காவும் சளைத்தவர் இல்லை. "அவரு பேசலேன்னா எனக்குச் சோறு இறங்காதா? நானும் பேசல" என்றார். நடுவே நான் ஒருத்தன் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

கத்தினால் பதில் வராது. காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாது. மறுபடி கத்துவேன். அதற்கும் பதில் இல்லை. படகுக்கு மணி அடித்துவிடும், மூன்றாம் தடவை கத்துவேன். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் வீரப்பன் என்று ஒரு கங்காணி. மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போகும்போது எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். அன்றைக்கு ஒரு கறிச்சோறு கேட்டார். நான் மூன்று தடவை கத்தினேன். சீனி காக்கா மூன்று தட்டு நீட்டிவிட்டார். மூன்றையும் கொண்டுபோய் வைத்தேன், வேறு என்ன செய்ய? கங்காணி தட்டுகளைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் ஒத்தை ஆளாத்தான் வந்தேன் பாய். கூட யாராச்சும் நிக்கிறாங்களா, உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

சிரட்டை

உப்பில்லாத ஆணம் இறங்கிக்கொண்டே இருந்தது. மீராசா காக்கா போய் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். போட்டால் தோற்றதாக ஆகிவிடுமாம். மேசைக்கு மேசை தேங்காய்ச் சிரட்டையில் உப்பு வைக்கச் சொன்னார். வந்தவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று.

துறையில் சீட்டுக் கிழிக்கிறவர் ஒருவர், பழைய வாடிக்கை. அவர் மேசைச் சிரட்டை அன்று காலியாகிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தார். நான் மறுகோடியில் நின்றேன். எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"உப்புக்கா பஞ்சம்? இருங்க, இறங்கி ஒரு கை மோந்துக்கிட்டு வந்துடுறேன்."

மூன்றாம் நாள் சலாம்

விஷயம் பள்ளிவாசல் வரை போயிற்று. அங்கே தொழுகை நடத்துகிற லெப்பை வந்தார். வயதானவர், யாரையும் அதட்டமாட்டார். இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, முஸ்லிமானவன் இன்னொரு முஸ்லிமிடம் மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது, யார் முதலில் சலாம் சொல்கிறாரோ அவர்தான் மேல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை செய்தது. மறுநாள் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்து வந்து மீராசா காக்கா அடுக்களை வாசலில் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். சீனி காக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டே "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புச் சாடியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். சீனி காக்கா அதைத் திரும்ப வெளியே வைத்தார். அன்று பேச்சில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி சலாம். அப்புறம் வாயடைப்பு. மார்க்கத்தையும் மீறவில்லை, முறைப்பையும் விடவில்லை. சில தடவை சீனி காக்கா முந்திக்கொண்டு சொல்வார், அந்த மேன்மையும் தனக்கே இருக்கட்டும் என்று. இப்படி ஒரு வழியை வேறு எந்த ஊர் ஆள் கண்டுபிடிப்பான்?

லெப்பையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்:

"மூணு நாளைக்கு ஒருக்கா முகம் வழிச்சுக்கிற மாதிரியில்ல சலாம் சொல்றீங்க! வளந்துக்கிட்டே இருக்கிறது உள்ளுக்குள்ள."

வரப்பு

எங்கள் கடையில் பகல் வேலை ஓய்ந்ததும் நாலு பேரும் ஒரே சஹனில் சாப்பிடுவோம். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்துச் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. எங்கள் ஜனத்தின் பழக்கம் அது. பேச்சு நின்றாலும் சஹனை நிறுத்த இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. தனித்தட்டு எடுத்தால் முழுப் பகை என்று ஆகிவிடும். அதனால் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நானும், பாத்திரம் கழுவுகிற பக்கிரியும் பக்கவாட்டில்.

இருவரும் தம் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுகொண்டு வருவார்கள். நடுக்குவியலுக்கு வந்ததும் கை நின்றுவிடும். இவர் விரல் அவர் விரலில் பட்டுவிடுமே. கடைசியில் சஹனின் நடுவே சோறு ஒரு வரப்பு மாதிரி நிற்கும். கறித்துண்டெல்லாம் அந்த வரப்பில்தான் கிடக்கும். பெரியவர்கள் கை வைக்காதபோது நாங்கள் எப்படி வைப்பது? எல்லாரும் அரை வயிற்றோடு எழுந்திருப்போம். தினமும் அதைத் துறை வாத்துகளுக்குக் கொட்டினோம். பக்கிரி நாலைந்து நாள் பொறுத்தான். கறி வாசனை அடிக்கிற வரப்பை அவன்தானே கழுவப் போகிறான். ஒருநாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே கேட்டான்:

"இந்த வரப்பு யாரு வயலைச் சேர்ந்ததுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் அறுத்துக்குவேன்."

மீராசா காக்கா இருமினார். சீனி காக்காவுக்கு உதடு துடித்தது. சிரித்திருப்பார். எதிரே இருக்கிறவர் பார்த்துவிட்டார் என்றதும் அடக்கிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். இன்னொரு நொடி உட்கார்ந்திருக்கக் கூடாதா? நான் பக்கிரியிடம் வரப்பை அறுத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"போங்கண்ணே. அவுக எந்திரிச்ச பெறகு தின்னா திருட்டுச் சோறு மாதிரி இருக்கு."

பெட்டி

அசன் என்று ஒரு ஜவுளி வியாபாரி. எங்கள் ஊர்க்காரர். கப்பலில் போவதும் வருவதுமாக இருப்பார். ஊர்ச் செய்தியெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். அந்தத் தடவை வந்தவர் நேரே என்னிடம் வந்து முதுகில் ஒரு அறை வைத்தார். என் வீட்டுக்குப் போயிருக்கிறார். தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாளாம். அறைக்குச் சன்னல் உண்டா, கடல் தெரியுமா, கிணறு பக்கமா என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். எல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டாராம். உண்மையில் சன்னல் மட்டும் உண்டு. நான் அடுக்களையைப் பார்த்தேன். கல்லாவைப் பார்த்தேன். இரண்டு முதுகு தெரிந்தது. நோன்புப் பிறைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அசன் குரலைத் தணித்துச் சொன்னார்:

"பெட்டி கட்டி வச்சாச்சு மாப்புளே. அக்கம்பக்கத்துல பயணம் சொல்லியாச்சாம். எப்பக் கப்பல்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாக."

தீர்ந்துபோச்சு

இனி பொறுக்க முடியாது என்று நடக்க ஆரம்பித்தேன். கல்லாவுக்கும் அடுக்களைக்கும் பத்து எட்டு இருக்கும். அங்கே போய், "ஹாஜியார் வீட்டுக்கு எப்பப் போறது காக்கா?" என்றால் மீராசா காக்கா, "நான் ரெடி. வர்றாரான்னு கேளு" என்பார். இங்கே வந்து கேட்டால், "அவருக்கு வாய் இல்லையா? அன்னிக்குச் சபையில இருந்துச்சே. வந்து கூப்பிடட்டும்" என்பார் சீனி காக்கா. திரும்பப் போய்ச் சொன்னால், "நான் போய்க் கூப்பிடணுமா? வயசுல மூத்தவன் நானு" என்பார் அவர். இரண்டு பேருக்கும் வீடு வேண்டும். இரண்டு பேருக்கும் போக ஆசை. அது முகத்திலேயே தெரிந்தது.

ஒருநாள் ரயில் வந்து கடை நிறைந்திருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கடை நடுவில் நின்று, கறி மீன் கேட்கிற அதே ராகத்தில் கத்தினேன்: "ஹாஜியார் வீட்டுக்கு ரெண்டூ!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் மீராசா காக்கா கை அப்படியே நின்றுவிட்டது. அவர் அடுக்களைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தார். வெட்கமில்லாமல் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. சீனி காக்கா திருப்பி அதே மூன்று வார்த்தையைக் கத்தினால் போதும். பழக்கத்தில் கத்திவிடுவார் என்றுதான் நம்பினேன். அவர் மூச்சு இழுப்பதுகூட எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து மேசையில் ஒருவன் இன்னும் பலமாகச் சிரித்துத் தொலைத்தான். கந்தூரிச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும். கரண்டி மறுபடி சட்டியில் மோதியது. உள்ளிருந்து பதில் வந்தது, சட்டி காலியானால் சொல்கிற அதே குரலில்:

"அது தீர்ந்துபோச்சு."

அவருக்கு அடுப்பு, இவருக்குக் கல்லா

பிறை தெரிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒரு காலையில் மீராசா காக்கா கோட்டு மாட்டிக்கொண்டார். தெப்ராவ் பக்கம் ஆடு பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஆடு பார்க்கக் கோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை சீனி காக்கா குளித்து, வெளுத்த கைலியும் தொப்பியுமாகப் பின்வாசலால் போனார். அஸர் தொழுகைக்குப் போகிறார் என்று நினைத்தேன். வரும்போது முகம் தெளிவாக இருந்தது. உப்புச் சாடியைத் தாமே தூக்கி உள்ளே வைத்தார். அன்று ஆணத்தில் உப்பு சரியாக இருந்தது. கேட்டிருக்கலாம். கிடைத்ததைக் கலைத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பக்கிரிகூடப் பாட்டுப் பாடிக்கொண்டு சட்டி தேய்த்தான்.

மறுநாள் ஹாஜியாரே குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கள் ஆட்களோடு பழகி எங்களைவிட நிதானமாகத் தமிழ் பேசுவார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கல்லாவுக்கும் அடுக்களைக்கும் நடுவில், நான் நிற்கிற இடத்தில் நின்றார். அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. காலையில் மீராசா காக்கா தனியாகப் போய் ரெண்டு பேருக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்திருக்கிறார். மாலையில் சீனி காக்கா தனியாகப் போய் ரெண்டு பேருக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவர் போனது இன்னொருவருக்குத் தெரியாது. சகலை முன்னால் முதலில் வாய் திறக்காமல் காரியத்தை மட்டும் முடித்துவிடலாம் என்று இருவருக்கும் ஒரே எண்ணம். நல்ல எண்ணம்தான். ஹாஜியார் இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னார்:

"காலையில வந்தவர், அவருக்கு அடுப்பு வேலை, வர முடியலன்னார். சாயங்காலம் வந்தவர், இவருக்குக் கல்லா வேலை, வர முடியலன்னார். என் வீடு வரைக்கும் சேர்ந்து நடக்க முடியாதவங்க என் வீட்டுல எப்படிச் சேர்ந்து இருப்பீங்க? நேத்து ராத்திரியே வேற ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

பாலம்

ஹாஜியார் போனதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். இரண்டு தலையும் என் பக்கம் திரும்பின. "அந்த ஆளு போனதை நீ ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே கேள்வி. அதில் மட்டும் ஒற்றுமை. சீனி காக்கா சாடியை மறுபடி வெளியே வைத்துவிட்டார்.

பாலம் திறந்தார்கள். படகு நின்றது. ரயில் எங்கள் பக்கம் வந்து நிற்பதில்லை. நேரே கடலுக்குள் போவது மாதிரிப் போகும். நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்று பார்ப்போம். உள்ளே மேசையெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கும். சிரட்டையில் உப்பு நிறைய இருக்கும். பக்கிரி ஒருநாள் ரயில் கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ரயில்காரனுக்குக்கூட நம்ம மேல என்னமோ கோவம் போலிருக்கு அண்ணே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான்."

வெங்காய மூட்டை

கடையை மூடினோம். மீராசா காக்கா பொந்தியானுக்குப் போய்க் கொப்பரை வியாபாரத்தில் இறங்கினார். சீனி காக்கா செடெனாக்கில் தோட்டத்து வாசலில் ஒரு சின்னக் கடை போட்டார். ஒரு கையில் அடுப்பும் மறு கையில் கல்லாவும். இரண்டும் உருப்படவில்லை என்று கேள்வி. பக்கிரி எங்கே போனான் என்று தெரியாது.

நான் எங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? அந்த ஹாஜியார் வீட்டுக்குத்தான். அதை எடுத்தவர் எங்கள் ஆள்தான், சோற்றுக்கடையே வைத்தார். பரிமாற ஆள் தேவைப்பட்டது. மாடியில் பின்பக்கத்து அறையில் வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார். நான் கீழே மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். வெங்காயம் எடுக்க மாடிக்கு ஏறும்போதெல்லாம் அந்தச் சன்னலைப் பார்ப்பேன். கடல் தெரியாது, அடுத்த வீட்டுத் தகரம்தான் தெரியும். இருந்தாலும் காற்று வரும்.

கப்பல் எப்போது என்று கேட்டவளுக்கு, இப்போது இல்லை என்று அசனிடம் சொல்லியனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. ரெண்டு பெரிய மனுசர் பேசிக்கொள்ளவில்லை, அதனால் நீ வர முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சில வருஷம் கழித்து எப்படியோ ஒரு ஒண்டு அறை பிடித்தேன். கூப்பிட்டு விட்டேன். அசன் போய் வந்தார். இந்தத் தடவை முதுகில் அறையவில்லை. துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மொத தடவை கூப்பிட்டப்ப வெறுங்கையோட வந்திருப்பேன்னாக. இப்ப ரெண்டு மாடு இருக்காம். கறக்குற மாட்டை யாருகிட்ட விட்டுட்டு வர்றதுன்னு கேட்டாக."

ஒரே மேசை

அதன்பின் ரொம்ப நாள் கழித்து. அதே ஹாஜியார் வீட்டுக் கடை, அதே தெரு. பஸ்ஸிலிருந்து சீனி காக்கா இறங்கி வந்தார். நரைத்துவிட்டார். ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மீராசா காக்கா. சிங்கப்பூருக்கு வைத்தியரைப் பார்க்கப் போகிறாராம். எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று நான் திணறும்போது, சீனி காக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாரு, சகலையா? என்ன இப்படி வத்திப் போயிட்டீக! இங்க வந்து உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். மீராசா காக்கா போய் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. மூட்டுவலி, மருமகன், கொப்பரை விலை. ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டார்கள். "நாம எதுக்குச் சகலை முறைச்சுக்கிட்டோம்?" என்று சீனி காக்கா கேட்டார். "என்னமோ ஒண்ணு. யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார் மீராசா காக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்த மீராசா காக்கா மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. என் தோளில் கை போட்டுக்கொண்டு, மனசாரத்தான் கேட்டார்:

"நாங்கதான் வரல, நீயாச்சும் இந்த வீட்டுக்கு வந்து சேந்துட்டியே கனி! வீட்டுக்காரி மேலதான் இருக்காளா? கூப்பிடு, ஒரு சலாம் சொல்லிட்டுப் போறோம்."

பரிமாறுகிற தம்பிமார்களே, சண்டை போட்டுக்கொள்கிற முதலாளிகளிடம் தாராளமாக வேலை பாருங்கள், பேசாமல் இருக்கிற முதலாளிகளை நம்பி மட்டும் ஊரில் பெட்டி கட்டச் சொல்லிவிடாதீர்கள்.